மறுப்பும் நிறுவலும்

ஒருவர் கொண்ட கருத்தை மற்றொருவர் எதிர்க்கும் முறைகளுக்கு ஆங்கிலத்திலே பல சொற்கள் உள. வெறுமனே ‘அன்று’ என்று கூறுதல் ‘டினை’ எனப்படும். ‘இதற்கு ஆதாரம் யாது?’ என வினவி நிற்றல் ‘சலென்ஜ்’. எதிர்வாதங் கூறி விடையிறுத்தல் ‘ரிபட்’. தக்க சான்று காட்டிப் பிழையென நாட்டுதலே ‘ரெபியூட்’. இவற்றை ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குவார் பலர். ஆயினும், ஒவ்வொரு சொல்லும் அதனைச் சொல்வார்மீது சுமத்தும் பொறுப்பு வேறாகும்.

தமிழுக்கும் இவ்வேறுபாடு புதிதன்று. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் மதங்களை ஏழாக வகுத்துள்ளது. பிறர் கொள்கையை மறுத்தல் ஒன்று. அதனை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல் பிறிதொன்று. தானே ஒரு கொள்கையை நாட்டி அதனை நிலைநிறுத்தல் மற்றுமொன்று. அரபு மொழியில் மறுப்பு நூலை ‘ரத்து’ என்பர். அச்சொல் நம் வழக்கில் ‘நீக்கிவிடுதல்’ என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. மறுக்கப்பட்டதெல்லாம் இல்லாமற்போயிற்று என்று கருதும் மயக்கமும் அவ்வாறே நம்மிடையே உண்டு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நில்லாது, ஒரு சமூகத்தின் நிலையையே தொட்ட நிகழ்ச்சி ஒன்று இலங்கை வரலாற்றில் உண்டு. சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1888ஆம் ஆண்டில், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே சோனகரின் இனவரலாறு பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை படித்தார். மொழி, வரலாறு, வழக்கங்கள், உடலமைப்பு என்னும் நான்கையும் ஒருங்கு நோக்கின், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் முடிபு. அக்காலத்தில் சபையின் ஆசனங்கள் இனவாரியாக வகுக்கப்பட்டிருந்தன. சோனகர் தமிழரேயெனின் அவர்களுக்குத் தனிப் பிரதிநிதி எதற்கு என்ற வினா எழும். ஆகவே அம்முடிபு அறிஞர் கழகத்தோடு அடங்குவதன்று. அடுத்த ஆண்டாகிய 1889இல், எம். சி. அப்துல் றகுமான் முதலாவது முஸ்லிம் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். ஆசனம் கிடைத்தது; கட்டுரை பற்றிய வழக்கோ முடியவில்லை.

விரிவான விடை நூலுருவில் 1907ஆம் ஆண்டில் வந்தது. ‘முஸ்லிம் பாதுகாவலன்’ இதழின் ஆசிரியர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை ஆங்கிலத்திலேயே எழுதினார். ‘ரெபியூட்’ என்னும் சொல்லை அவர் தலைப்பிலே வைக்கவில்லை; ‘ஆய்வுரை’ என்று பொருள்படும் ‘கிறிற்றிசிசம்’ என்றே பெயரிட்டார். மொழி ஒன்றே இனத்தைக் காட்டாது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. கடல் கடந்து வந்த அரபு வணிகர் இங்கு மணஞ்செய்து குடியமர்ந்தனர். வாணிகத்துக்கு வேண்டிய தமிழைக் கைக்கொண்டனர் என்றார்.

இனி, இவ்வழக்கைக் கிழக்குக் கரையிலே வைத்து நோக்குவோம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் 1961ஆம் ஆண்டு முதல் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதற்கு முன் மட்டக்களப்பைச் சார்ந்திருந்தன. அங்கு வாழும் முஸ்லிம்களின் மொழி தமிழ். அவர்களிடையே தாய்வழிக் குடிமுறை உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் விலக்கு. வீடு மகளுக்குச் சீதனமாகும். மருமகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வான். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிவாரியாக மரைக்காயரைத் தெரியும் வழக்கு இருந்தது. அயலூர்த் தமிழரிடையேயும் இத்தகைய குடிமுறை காணப்படும்.

இராமநாதன் பக்கத்தார் இதனைத் தம் சான்றாகக் கொள்ளலாம். ஆனால், வட மலையாளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடமும் தாய்வழி முறை உண்டு. கடலோடியாய் வந்த கணவன் மனைவியின் இல்லத்திலே தங்கிய வழக்கின் எச்சமென அஸீஸ் பக்கத்தாரும் இதனைக் காட்டலாம். ஒரே சான்று இரு முடிபுகளுக்கும் இடந்தருமாயின், அது இரண்டையும் நிறுவாது.

ஆகவே அஸீஸின் நூல் செய்த பணியை வரையறுத்துச் சொல்ல வேண்டும். மொழியிலிருந்து இனத்துக்குத் தாவிய வாதத்தின் வலுவை அவர் குறைத்தார்; அது களைதல். சோனகர் அரபு வழியினரே என்பதோ வேறொரு கூற்று; அதற்குத் தனிச் சான்று வேண்டும். முதற் குடியேற்றம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது என்னும் மரபை அலெக்சாந்தர் யோன்ஸ்ரன் 1827இல் வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுக்குப் பின் எழுதப்பட்ட மரபு மதிக்கத்தக்கது. ஆயினும் அதுவே முடிந்த முடிபாகாது.

அன்பர்களே, ஒரு கருத்து ‘மறுக்கப்பட்டது’ என்று கேள்விப்படும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. அது விலக்கப்பட்டது மட்டுந்தானா? அதன் ஆதாரம் களையப்பட்டதா? அதற்கு மாறானது நிறுவப்பட்டதா? கல்முனைக் கரையில் வாழும் மக்கள் தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தைத் தம் நெறியாகவும் கொண்டு, தம்மைத் தனிச் சமூகமாகக் கருதி வாழ்கின்றனர். அவ்வுரிமைக்கு மூதாதையரின் இரத்தக் கணக்கு நிபந்தனையன்று. அக்கணக்கு எப்படி முடியினும் அவ்வுரிமை குறையாது என்பதை உணர்ந்தால், ஆராய்ச்சியும் அச்சமின்றி நடைபெறும்.