மோட்டாரைப் போட்டு மோட்டாரைக் கழுவும் ஊர்

கோயமுத்தூர்ப் பக்கம் 'மோட்டார்' என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. பழைய ஆட்களுக்கு அது கார் அல்லது பஸ். தோட்டத்துக்காரர்களுக்கும் வீட்டில் போர் வைத்திருப்பவர்களுக்கும் அது தண்ணீர் இறைக்கிற சாமான். "மோட்டாரைப் போட்டு உடு" என்றால் இங்கே யாரும் கார் சாவியைத் தேட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஊரின் கார் ஷெட்களில் நடப்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மோட்டாரைப் போட்டு மோட்டாரைக் கழுவுகிறோம்.

ரொம்பச் சாதாரணமான வேலைதான். ஆனால் இந்தக் காட்சிக்குத் தேவையான குழாய்த் தண்ணீர், மின்சாரம், பம்ப், வண்டி நான்கும் இந்த ஊரில் வேர் பிடித்தது ஏறக்குறைய ஒரே காலத்தில். 1920லிருந்து 1937 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதினேழு வருஷங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், ஓஸ் பைப்பைத் திறந்துவிடும்போது நமக்கு ஏன் கை கூசுவதில்லை என்பதும் புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் தண்ணீர்

கோவை மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை வாங்கிக்கொள்கிறது. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது, கூடவே கொஞ்சம் தூறல். நொய்யல் வருஷம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. ஆகவே குடிக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாத்துக்கும் கிணறுதான். அதிலும் பல கிணறுகளில் தண்ணீர் சப்பென்று உப்புக் கரிக்கும். அடியில் கடும்பாறை, மழையோ குறைவு. மதுக்கரைப் பக்கம் சிமெண்ட் ஆலை நடத்துகிற அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லே கிடக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் ஊறும் தண்ணீர் சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டுதான் வரும்.

மலைக்கு அந்தப் பக்கம் சிறுவாணி. அந்தத் தண்ணீரை மலையைக் குடைந்து ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பேசியவர் பத்திரிகையாளர் சே. ப. நரசிம்மலு நாயுடு. அவர் 1922ல் இறந்துபோனார், குழாயைப் பார்க்கவில்லை. திட்டம் நடந்தேறியது 1920களின் கடைசியில். நகராட்சித் தலைவராக இருந்து அதற்குப் பாடுபட்டவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ். புரம் என்று நாம் சுருக்கிக் கூப்பிடுவது இவர் பெயரைத்தான். கார் ஷெட்டோடு கட்டின பழைய வீடுகள் நிறைய இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் பெயரே அமைந்தது நல்ல பொருத்தம்.

அப்போது சிறுவாணி இருந்த மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணம். 1956ல் மாநிலங்கள் பிரிந்தபோது அந்த இடம் கேரளத்துக்குப் போனது. அதனால்தான் பெரிய அணை கட்ட 1973ல் ரெண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. அணை முடிய 1984 ஆனது.

சிறுவாணி வந்ததும் கோவை வீடுகளில் தண்ணீர் ரெண்டு சாதியாகப் பிரிந்தது: 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி'. தனிக் குழாய், தனித் தொட்டி, தனிக் குடம். உலகத்திலேயே ரெண்டாவது சுவையான தண்ணீர் என்று ஊருக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். போட்டியை யார் நடத்தினார்கள், முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஆனால் வீட்டுக்குள் அதற்கு இருந்த மரியாதை நிஜம். நல்ல தண்ணியில் கார் கழுவுவதைப் பார்த்தால் பெரியவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

அப்புறம் மோட்டார்கள்

ரெண்டு மோட்டாரும் சந்திக்கிற இடம் ஜி. டி. நாயுடு. கலங்கலில் பிறந்த இவர் 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். அது பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் கோவைக்கு இறங்கியது. மில்கள் பெருகின. கிணற்று மேட்டுக்கும் கம்பி போனது. 1937ல் ஜி. டி. நாயுடுவும் தா. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். வண்டி ஓட்டிய அதே கைதான் தண்ணீர் இறைக்கிற மோட்டாரையும் செய்தது.

அதுவரை கிணற்றில் ஓடியது கவலை. ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கி நடக்க, வடக்கயிறு இழுபட்டு, அடியில் தோல் வால் வைத்த இரும்புச் சால் மேலே வரும். ஒரு சாலில் நூறு லிட்டருக்கு மேல் வரலாம். கவலையில் யாரும் திட்டமிடாத ஒரு கட்டுப்பாடு இருந்தது. மாடு களைத்துப்போகும், அதனால் இறைப்பது நிற்கும். ராத்திரியில் கிணறு ஊறும். எங்கள் மென்பொருள் துறையில் 'ரேட் லிமிட்' என்று ஒன்றை வேலை மெனக்கெட்டு எழுதி வைப்போம். கிணற்றுக்கு அதை மாடே செய்துகொண்டிருந்தது.

மின்மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கிணறு காய்ந்தது, ஆழப்படுத்தினார்கள். அப்புறம் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள். கம்ப்ரசர் வந்தது, சப்மெர்சிபிள் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் புது பம்ப், அதையும் இந்த ஊர்ப் பட்டறைகளே செய்து நாடு முழுக்க அனுப்பின. 1972ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகளைக் கோவை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கவலையிலிருந்து விடுபட்ட மாடுகள், பம்ப்செட் கரண்டுக்காக ரோட்டில் நின்றன. மோட்டார் எவ்வளவு சீக்கிரம் உயிர்நாடியாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இன்று ஆயிரம் அடி போர் என்றால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

ஷெட்டுக்குள் வந்தால்

கணக்கு எளிது. சாதாரண அரை இஞ்ச் ஓஸில் நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகும். நிறுத்தாமல் கால் மணி நேரம் விட்டால் 150லிருந்து 180 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வைத்திருக்கும் அளவு. ஆக ஒரு காரை ஒரு தடவை குளிப்பாட்டுவது ஒரு மனுஷனின் ஒரு நாள் பங்கைத் தாண்டுகிறது. கவலைக் கணக்கில் மாடுகள் ஏறக்குறைய ரெண்டு தடவை சரிவில் இறங்க வேண்டும். அதையே மூன்று பக்கெட்டில் முடித்தால் 45 லிட்டர்.

"போர் தண்ணிதானே, நல்ல தண்ணி இல்லையே" என்பதுதான் வழக்கமான சமாதானம். அந்த ரெண்டு சாதிப் பிரிவினையில் வந்த சிக்கல் இது. நல்ல தண்ணிக்குக் கிடைத்த மரியாதை முழுக்க உப்புத் தண்ணியிடமிருந்து பிடுங்கப்பட்டது. குடிக்க ஆகாதது கணக்கிலேயே வராது என்று ஆகிவிட்டது. ஆனால் 2016ல் மழை பொய்த்து, அடுத்த வருஷம் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போனபோது ஊர் கை நீட்டியது அந்த உப்புத் தண்ணியிடம்தான். பெங்களூருவில் 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அங்கேயும் நெருக்கடியின் ஆரம்பம் குழாய் மட்டும் இல்லை, போர்கள் வற்றியதும்தான்.

இதில் உப்புத் தண்ணி தன் பங்குக்கு ஒரு பழியும் வாங்குகிறது. கருப்பு, அடர்நீலக் கார்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு பெயிண்டிலேயே தங்கிவிடும். வெயிலில் நிறுத்திக் கழுவினால் துடைப்பதற்குள் காய்ந்துவிடுவதால் புள்ளி அதிகம். ஷெட்டுக்குள் நிழலில் கழுவுவது இந்த ஊருக்கு நல்ல பழக்கம் என்பது இதனால்தான். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மிச்சப்படுத்திக் காருக்கு ஊற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் உப்பு இன்னும் அதிகம். தரை கழுவ அது போதும், பெயிண்டுக்கு வேண்டாம்.

ஆகவே இந்த ஊருக்குப் பொருந்துவது பழைய முறைதான். முதலில் ஈரத்துணியால் புழுதியை எடுப்பது, ரெண்டு பக்கெட் போர் தண்ணீரில் பகுதி பகுதியாகக் கழுவுவது, கடைசி அலசலுக்கு முடிந்தால் ஒரு பக்கெட் மொட்டை மாடி மழைத் தண்ணீர். அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கிடையாது. காய்வதற்கு முன் துடைத்துவிட்டால் போதும். இதில் மோட்டார் ஓட வேண்டிய அவசியமே இல்லை. துடைக்கிற நம் கைதான் களைக்கும். களைத்தால் நிறுத்திவிடுவோம், அது தண்ணீருக்கு நல்லதுதான்.