சகோதரி சுப்புலட்சுமி

ஆர்.எஸ். சுப்புலட்சுமி (18 ஆகஸ்ட் 1886 – 20 டிசம்பர் 1969): ஆசிரியை, சமூகத் தொண்டர். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண். இளம் விதவைகளைப் படிக்கவைத்துப் பள்ளி ஆசிரியைகளாக்கியவர். மாணவியருக்கு இவர் எப்போதும் ‘சிஸ்டர்’தான். 1942இல் ஓய்வு பெற்ற பின்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளும் தொண்டிலேயே கழிந்தன.

மயிலாப்பூரில், தஞ்சைப் பகுதியின் ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். 1898இல் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அன்றைய பிராமணக் குடும்பங்களின் வழக்கப்படி, அந்தச் சிறுமி தலையை மழித்துக்கொண்டு, நல்ல காரியங்களில் முகம் காட்டாமல், ஆயுள் முழுதும் அடுக்களையில் கிடந்திருக்க வேண்டும். தந்தை சுப்பிரமணிய ஐயரும் தாய் விசாலாட்சியும் அதற்கு உடன்படவில்லை. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்டில் சேர்த்தார். அங்கே கண்ட கன்னியாஸ்திரீகளின் வாழ்க்கை அவர் மனத்தில் பதிந்தது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார்.

மறு ஆண்டு சாரதா லேடீஸ் யூனியன் என்ற மாதர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூர் வீட்டில் நான்கே பெண்களுடன் விதவையர் இல்லமும் உருவானது. தாமும் இளவயதிலேயே கணவனை இழந்திருந்த சித்தி வாலாம்பாள் அதில் தோள்கொடுத்தார்.

இந்த முயற்சிக்கு அரசு கை கொடுத்ததற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. வளர்ந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். பெண் ஆசிரியர்களோ கிடைப்பது அரிது. படிப்பு முடியுமுன்பே பெண்களுக்குக் கல்யாணமாகிவிடும். புகுந்த வீடும் மறுமணமும் இல்லாத விதவைகள் பயிற்சி பெற்றால் பள்ளியிலேயே நிலைப்பார்கள் என்று சுப்புலட்சுமி கணக்கிட்டார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச்சும் அப்படியே கருதினார். வைதீகர்கள் ஏசினார்கள். ஆனாலும் ஆசாரம் தவறாமல் இல்லம் நடந்ததால்தான் பல வீட்டார் துணிந்து பெண்ணை அனுப்பினர். பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடம் என்ற வரையறை அந்த இல்லத்தின் குறையாக நின்றது.

இல்லம் பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடரின் கப்பல்கள் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். பனிக்கட்டி உருகாமலிருக்க எழுப்பிய அந்த வட்டச் சுவர்களுக்குள், கடலைப் பார்த்தபடி, இளம் விதவைகள் பாடம் படித்தார்கள்.

வயது கடந்துவிட்டதால் அங்கே சேர முடியாதவர்களுக்கு சாரதா வித்யாலயம் பிறந்தது. அதைப் பின்னர் ராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வர் சுப்புலட்சுமியே. குழந்தை மணத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது.

ஓய்வு பெற்ற அதே 1942இல், மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். பள்ளி வயதைத் தவறவிட்டவர்களே மறுபடியும் அவர் கவலை. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். அந்தப் பொறுப்பில் இருந்தபோதே, 1954இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல மையம் அமைத்தார். மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பின் பள்ளி 1956இல் வித்யா மந்திராக வளர்ந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

ஆங்கில அரசு 1920இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கமும், இந்திய அரசு 1958இல் பத்மஸ்ரீயும் வழங்கின. மோனிகா ஃபெல்டன் எழுதிய இவரது வரலாறு, 1966இல் இவர் உயிரோடிருக்கும்போதே வெளிவந்தது.

ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம்; பார்க்க வருவோர் பெரும்பாலும் சுவாமிஜியின் அறையைத் தேடிப் போகிறார்கள். அதே காமராசர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி இப்போதும் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.