மலையகத் தோட்டக் குழந்தைகளின் போசாக்கு

இலங்கையின் நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போசாக்கு நிலை, நகர, கிராமக் குழந்தைகளைவிட நீண்டகாலமாகவே பின்தங்கியுள்ளது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். தோட்ட மக்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டு முதல் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள்.

வருமானமும் உணவும்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் சம்பளம், மட்டுமே விழுவதுண்டு. வேலைநாள் குறையும் மாதங்களில் வருமானம் மேலும் சுருங்கும். குறைந்த செலவில் வயிற்றை நிரப்பும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் அன்றாட உணவாக, முட்டை, மீன், பால், பருப்பு ஆகியவை அரிதாகின்றன. உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் உணவு விலைகள் ஏறத்தாழ இரு மடங்கானபோது இந்நிலை இன்னும் மோசமடைந்தது.

குடும்பச் சூழல்

கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். தாய் காலையில் மலைக்குப் போகையில் குழந்தை தோட்டத்தின் பகல்நேரக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விடப்படுகிறது. இதனால் பாலூட்டும் இடைவெளி நீள்கிறது. இணையுணவை வேளைக்கு ஊட்டுவதும் தவறுகிறது. தாய் மத்திய கிழக்கிற்கு வீட்டுவேலைக்குச் சென்றால் பணம் வரும், ஆனால் பராமரிப்பு பாட்டியின் தலையில் விழும். தகப்பனின் குடிச்செலவு சில வீடுகளில் உணவுப் பங்கைக் கரைக்கிறது. போசாக்கின்றி வளர்ந்த பெண் தாயாகும்போது குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம்; இவ்வாறு குறைபாடு தலைமுறை தாண்டுகிறது.

வசிப்பிடம்

வரிசை வீடுகளான நெருக்கமான லயன் அறைகள், பொதுக் குழாய், போதிய கழிப்பறையின்மை ஆகியவை வயிற்றோட்டத்தை அடிக்கடி வரவழைக்கின்றன. நோயுற்ற குழந்தைக்கு உண்ட உணவும் உடலில் ஒட்டுவதில்லை. சொந்தக் காணி இல்லாததால் பல குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டமும் கோழி வளர்ப்பும் எளிதல்ல.

நலத்திட்டங்கள்

சோளமும் சோயாவும் சேர்ந்த ‘திரிபோஷா’ சத்துமா 1970களிலிருந்து கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. பற்றாக்குறையுள்ள வீட்டில் அது எல்லோருக்கும் பகிரப்படுவதால் உரிய குழந்தைக்கு முழு அளவு சேர்வதில்லை. சத்துமாவோடு சம்பளம், குடிநீர், காணி, பகல்நேரப் பராமரிப்பு ஆகியவையும் சீராகாமல் இக்குறைபாடு நீங்காது.