பழவேற்காட்டாள் வழி: நன்னம்பிக்கை முனை உழவர் குடும்பமொன்றின் வம்சாவளி

சேலம், நாமக்கல் சமவெளியில் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணை அவளுடைய பெயரால் அழைப்பது அரிது. ராசிபுரத்திலிருந்து வந்தவள் ராசிபுரத்தாள், வேலகவுண்டம்பட்டியிலிருந்து வந்தவள் வேலகவுண்டம்பட்டியாள் என்று பிறந்த ஊரின் பெயரே அவளுக்குப் பெயராக அமைந்து, அவள் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்துத் தளர்ந்த பின்னும் அதுவே நிலைத்துவிடுகிறது. என் அப்பத்தாவின் இயற்பெயரைக்கூட, பரண்மேல் கறுத்துக் கிடந்த சீர்க்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துக்களைக் கூட்டிப் படித்த அன்றுதான் நான் அறிந்துகொண்டேன். காணியும் கூட்டம் என்னும் குலப்பிரிவும் ஆண்வழியாகவே எழுதப்பெற்ற நாட்டில், பெண்ணுக்கு எஞ்சியது ஓர் ஊர்ப்பெயர்.

இதே வழக்கம் ஒல்லாந்தர் ஏடுகளிலும் உண்டு என்பதும், அவ்வாறு எஞ்சிய ஓர் ஊர்ப்பெயர் நம் கடற்கரையைச் சேர்ந்தது என்பதும், அதனை உடையவள் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய உழவர் வம்சமொன்றின் மூதாட்டியாகத் திகழ்கிறாள் என்பதும் நம்மவர் அதிகம் அறியாத செய்திகள்.

1602இல் அமைந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினி, ஆசியாவுக்குச் செல்லும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கிடைக்கும்பொருட்டு, யான் வான் ரீபெக் என்பவரைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்ப, அவர் 1652ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கு வந்து இறங்கினார். கும்பினித் தோட்டத்தின் விளைச்சல் போதாமற்போகவே, 1657இல் ஊழியர் ஒன்பது பேரைப் பணியிலிருந்து விடுவித்து, லீஸ்பேக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்து, கோதுமை பயிரிடச் செய்தார்கள். பிற்காலத்தில் 'போயர்' என்று உலகம் அறிந்த குடியேற்ற உழவர் சமூகத்தின் ஆதி இதுவே. அவர்களில் ஒல்லாந்தரோடு ஜெர்மானியரும், பின்னர் மதக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளும் கலந்திருந்தனர். ஐரோப்பியப் பெண்களோ மிகச் சிலர்.

அந்த உழவர் சமூகம் பிறந்த அதே 1657ஆம் ஆண்டில் பத்தேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) வந்த கப்பலொன்று ஒரு பெண் கைதியை அம்முனையில் இறக்கிவிட்டது. ஏடுகள் அவளைக் காத்ரைன் என்றும், 'க்ரோத்த காத்ரைன்', அதாவது பெரிய காத்ரைன் என்றும், ஊரோடு சேர்த்து 'வான் பாலியாகாத்தா' என்றும் குறிக்கின்றன. பாலியாகாத்தா என்பது நம் பழவேற்காடு. 1613 முதல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டிக்கொண்டு ஒல்லாந்தர் சோழமண்டலக் கரை வாணிபத்தை நடத்திய தலைமையிடம். அங்கிருந்து துணி ஏற்றுமதியான கதையைச் சரித்திர நூல்கள் விரிவாகப் பேசும். துணிமூட்டைகளோடு மனிதரும் ஏற்றப்பட்டதைச் சுருங்கவே பேசும். பஞ்சம் வந்தபோதெல்லாம் பெற்ற பிள்ளைகளை விற்றேனும் உயிர் பிழைக்க முயன்ற குடும்பங்களிலிருந்து, சோழமண்டலக் கரைத் துறைகள் வழியாக, பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகள் ஆயிரக்கணக்கில் சென்றனர்.

காத்ரைன் பத்தேவியாவில் அடிமையாக இருந்தவள். தன்னைப் போலவே அடிமையாயிருந்த காதலனோடு 1656இல் மூண்ட சண்டையில், அவன் அடிக்க இவள் திருப்பித் தாக்க, அவன் இறந்துபோனான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அத்தண்டனை, ஆயுள் முழுதும் நன்னம்பிக்கை முனையில் கழிக்க வேண்டிய நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. அங்கே தளபதிகளின் வீட்டில் துணி வெளுப்பது அவள் வேலையாயிற்று. இத்தனை விவரமும் நமக்குக் கிடைப்பது அவள் சந்ததியார் போற்றி வைத்த குடும்பச் சரித்திரத்திலிருந்து அன்று. கும்பினியின் குற்ற விசாரணை ஏடுகளிலிருந்து. அவள் குற்றவாளியாகாமல் இருந்திருந்தால், பெயரில்லாத ஆயிரம் அடிமைகளில் ஒருத்தியாகவே மறைந்திருப்பாள் என்பது என் அபிப்பிராயம்.

கோட்டையில் காவல் புரிந்த ஹான்ஸ் கிறிஸ்தோபெல் ஸ்னைமான் என்னும் ஜெர்மானியச் சிப்பாய் அவளோடு உறவு கொண்டான். அதன் பயனாகப் பிறந்த கிறிஸ்தோபெல் என்னும் ஆண்குழந்தைக்கு 1669ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி ஞானஸ்நானம் நடந்ததாகத் திருச்சபைப் பதிவேடு சொல்லுகிறது. சிப்பாய் அவளை மணக்கவில்லை. 1671இல் அவளை முறையாக மணந்தவர், விடுதலை பெற்ற அந்தோனி என்னும் வங்காளத்துக்காரர். அவர் வீட்டிலேயே பையன் வளர்ந்தான்.

இங்கே ஓர் ஆச்சரியம் குறுக்கிடுகிறது. மலையாள நாட்டுத் தாவரங்களைத் தொகுத்து 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பன்னிரு தொகுதிப் பெருநூலை வெளியிட்ட வான் ரீடு, 1685இல் கும்பினியின் விசேஷ ஆணையராக நன்னம்பிக்கை முனைக்கு வந்தபோது, ஐரோப்பியர் அடிமைப் பெண்களை மணப்பதைத் தடை செய்தார். ஐரோப்பியத் தகப்பனுக்குப் பிறந்த கலப்பினப் பெண்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். கும்பினியின் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியதிலும் இவர் கை உண்டு. இவருடைய குடும்பப் பட்டத்தைப் போற்றியே, 1687இல் புதிதாகத் திறந்த உழவர் குடியேற்றத்துக்கு டிராக்கன்ஸ்டைன் என்று பெயரிட்டனர். அந்த டிராக்கன்ஸ்டைனிலேயே, பழவேற்காட்டுக் கைதியின் மகன் ஏர் பிடித்தான். 1690இல் அவன் மணந்த மார்கரீத் தெரேஸ் தெ சவோய், பிரெஞ்சு அகதிகளிடையே செல்வாக்குள்ள ஒரு வணிகரின் மகள். தாயின் அடிமைத்தனமும் தண்டனையும் ஊரறிந்த செய்தியாயிருந்தும், அப்பெரிய வீட்டில் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்றால், அன்றைய எல்லைப்புறத்தில் நிறத்தைக்காட்டிலும் நிலத்துக்கும் உழைப்புக்கும் மதிப்பு இருந்தது என்றே கொள்ளவேண்டும். ஸ்னைமான் என்னும் பெயர் தாங்கிய உழவர் குடும்பங்கள் இவ்விருவர் வழியாகவே பெருகின.

பின்வந்த தலைமுறைகள் மறந்தன. மறப்பது வசதியாகவும் இருந்தது. 1893, 1894ஆம் ஆண்டுகளில் தெ வில்லியர்ஸ் என்பவரின், நன்னம்பிக்கை முனைப் பழங்குடும்பங்களின் வம்சாவளித் தொகுப்பு அச்சேறியபோது, குடும்பந்தோறும் முதற்புருஷனிலிருந்து ஆண்வழியே கிளைகள் எண்ணப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் கலப்பு மணத்தைத் தடை செய்த 1949ஆம் ஆண்டுச் சட்டமும், குடிகளை நிறவாரியாகப் பதிந்த 1950ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகு, பாட்டியின் ஊர்ப்பெயர் வெறும் பழங்கதையாக இல்லாமல் ஆபத்தாகவே ஆயிற்று. 1971இல் ஹீஸ் என்னும் ஆராய்ச்சியாளர், இக்குடியேற்றத்தார் வழிவந்த ஆப்பிரிக்கானர் ரத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு ஐரோப்பியருடையதன்று என்று ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டு எழுதினார். பாசன் என்னும் மற்றொரு குடும்பத்துக்கும் ஆஞ்செலா என்னும் வங்காளத்தாள் மூதாட்டியாக உண்டு. ஸ்னைமான் குடும்பம் தனித்த விதிவிலக்கன்று.

ஆராய்ச்சியில் ஓர் எச்சரிக்கை அவசியம். 'வான் பாலியாகாத்தா' என்பது அவள் பிறந்த ஊரைக் குறிக்கலாம். கப்பலேறிய துறையையும் குறிக்கலாம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பழவேற்காட்டை வைத்து அவளுடைய தாய்மொழி இன்னதென்று தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஆகவே அவளைத் தமிழச்சி என்று நாம் கொண்டாடப் புறப்படவும் வேண்டியதில்லை. நம் ராசிபுரத்தாளின் ஊரையாவது மாமன் மச்சான் உறவும் ஆடிச்சீரும் உறுதிப்படுத்தும். காத்ரைனைத் தேடிச் சீர் கொண்டுவர எவரும் கடல் தாண்டவில்லை.

நம் சேலம் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் தாரமங்கலத்தில் கோயிற்பணி செய்த அதே பதினேழாம் நூற்றாண்டில், அவள் நெடுந்தொலைவில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். அக்காலத்தில் இச்சமவெளியில் ஏர் பிடித்த குடும்பங்கள் பல இன்று தத்தம் கூட்டத்தின் வரலாற்றை அச்சிட முனைகின்றன. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு தலைமுறையிலும் பாட்டனாருக்கு எதிரே ஒரு கட்டம் விட்டு, பாட்டியின் பிறந்த ஊரையும் இயற்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், பெயர் நினைவில் இல்லையானால், பரண்மேல் இருக்கும் குடத்தை இறக்கித் தேய்த்துப் பாருங்கள்.