நாலரைத் தேனீ எங்கிருந்து வந்தது?

கலைப்பீடத்துக்கு வந்த எங்களில் பலர் கணக்கை ஓ.எல். பரீட்சையோடு கைகழுவிவிட்டவர்கள். எண்டாலும் வர்க்கமூலம் உள்ள சமன்பாட்டைப் பற்றி ஒரு விசயம் இன்னும் மறக்கேல்லை. இரு பக்கமும் வர்க்கித்தால் இரண்டு விடை வரும், ஒன்றை வெட்டிவிட வேண்டும். ஏன் வெட்டுறம்? "பொருந்தாது." அவ்வளவுதான் பதில். வெட்டப்பட்ட அந்த விடைக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1114இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் 1150இல், தன் 36 வயசில், 'லீலாவதி'யை எழுதினார். சமஸ்கிருதச் செய்யுளில் எழுதப்பட்ட கணித நூல் அது. நாங்கள் போடுகிற வர்க்கமூலக் குறி 1525இல்தான், கிறிஸ்தோப் ருடோல்ஃப் என்ற ஜெர்மன்காரரின் நூலில், அச்சேறியது. சமன் குறி வந்தது 1557இல். ஆகவே லீலாவதியில் சமன்பாடு ஒரு கதையாகத்தான் வரும். அதில் பேர்போனது தேனீக் கணக்கு.

ஒரு தேனீக் கூட்டம். அதன் பாதிக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை தேனீக்கள் மாலதிக் கொடிக்குப் போயின. முழுக்கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போயிற்று. மிச்சம் இரண்டு. இரவில் மூடிய தாமரைக்குள் அகப்பட்ட ஆண் தேனீ ஒன்று. உள்ளே அது முரல, வெளியே நின்று பதிலுக்கு முரலும் பெண் தேனீ மற்றது. பெண்ணே, கூட்டத்தில் எத்தனை தேனீ சொல் எண்டு கேட்கிறார். பரீட்சைத் தாளில் இப்படியொரு கேள்வி வந்திருந்தால் கணக்கை விட்டிருக்க மாட்டோமோ என்னவோ.

அந்தப் "பெண்" பாஸ்கரரின் மகள் லீலாவதி என்றும், கலியாணம் நின்றுபோன அவளைத் தேற்ற எழுதிய நூல் இது என்றும் ஒரு கதை உலாவுது. அந்தக் கதை 1587இல், அக்பருக்காகப் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் வருவது. நூலுக்கும் அதுக்கும் இடையில் 437 வருசம். நாங்கள் அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

சரி, கணக்குக்கு வருவம். பாஸ்கரர் இரு பக்கமும் வர்க்கிப்பதில்லை. மூலத்தையே தெரியாக்கணியமாகப் பிடிக்கிறார். கூட்டத்தின் பாதி, மூலத்தின் வர்க்கம். அப்படிப் பார்த்தால் கதை இப்படிச் சுருங்கும்: மூலத்தின் வர்க்கம், மூலத்தின் நாலரை மடங்கு சக 9க்குச் சமன். நாலரையில் பாதி 2.25. அதன் வர்க்கம் 5.0625. 9ஐக் கூட்டினால் 14.0625, அதன் மூலம் 3.75. அதோடு அந்த 2.25ஐக் கூட்ட 6. பாதிக் கூட்டம் 36, முழுக்கூட்டம் 72. சரிபார்த்தால் 6, 64, 2, கூட்டினால் 72. (பாஸ்கரர் தசமத்தில் அல்ல, பின்னத்தில் செய்தார். எங்களுக்கு இது சுகம்.)

இப்ப பள்ளிக்கூட முறை. மூலத்தைத் தனியாக்கினால், பாதியின் மூலம் = ஒன்பதில் ஒரு பங்கு சய 2. இரு பக்கமும் வர்க்கித்துத் தீர்த்தால் 72உம் வரும், 4.5உம் வரும். நாலரைத் தேனீ! போட்டுப் பாருங்கோ: இடப்பக்கம் 1.5, வலப்பக்கம் சய 1.5. சமனே இல்லை. ஆனால் வர்க்கித்தவுடன் இரண்டும் 2.25 ஆகிவிடுது. வர்க்கித்தல் 'சய'வை அழித்துவிடும். அந்த ஓட்டையால் நுழைந்ததுதான் நாலரை.

பாஸ்கரருக்கும் இது தெரியாமல் இல்லை. நேர் எண்ணுக்கு நேராகவும் மறையாகவும் இரண்டு மூலம் உண்டு என்று தன் 'பீஜகணித'த்தில் சொல்கிறார். அதில் ஒரு குரங்குக் கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒன்றில் 3ஐக் கழித்து வர்க்கித்த தொகை குகைக்குள் போனது, ஒரு குரங்கு மட்டும் வெளியே. விடை 50, அல்லது 5. ஐந்தைப் போட்டால் 1 சய 3, அதாவது சய 2, வர்க்கம் 4, வெளியே நின்றதையும் சேர்த்தால் 5. சமன்பாடு சரியாகவே நிற்குது. ஆனாலும் பாஸ்கரர் ஐந்தைத் தள்ளினார். ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கைக் கழிப்பதை ஆட்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அவர் காரணம்.

நாலரைத் தேனீயைத் தள்ளுவது சமன்பாடு. ஐந்து குரங்கைத் தள்ளியது மனிசர். எங்கள் கொப்பிகளில் இரண்டுக்கும் ஒரே குறுக்குக்கோடுதான் விழுந்தது.