ஜொகூருக்கு வராமல் போன பல்கலைக்கழகம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரசாங்கம் மானியத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடவேண்டிய நிலை வருமா?" இதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. நம் நாட்டில் இதுவரை எந்த அரசாங்கப் பல்கலைக்கழகமும் பணமில்லை என்று பூட்டப்பட்டதில்லை. ஆனால், கட்டப்படாமலே போன பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அது எழும்பியிருக்க வேண்டிய ஊர் வேறெதுவும் அல்ல, நம் ஜொகூர் பாருதான்!

இளையோர் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். 1939-இல் மெக்லீன் ஆணையம் மலாயாவுக்கு முழுப் பல்கலைக்கழகம் அமையும் காலம் இன்னும் கனியவில்லை என்று கைவிரித்துவிட்டது. போர் முடிந்தபின் 1947-இல் கார்-சாண்டர்ஸ் தலைமையில் இன்னோர் ஆணையம் வந்தது. சிங்கப்பூரிலிருந்த ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியையும் இணைத்து ஒரு பல்கலைக்கழகம் தொடங்கலாம் என்று அது சொன்னது. அத்தோடு நிற்கவில்லை. அதன் நிலையான வளாகம் ஜொகூர் பாருவில் அமைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சிங்கப்பூருக்கும் கூட்டரசுக்கும் நடுவே, பாலத்துக்கு இக்கரையில்! இடத்தேர்வில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

1949 அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது, சிங்கப்பூரில். ஜொகூர் பாரு வளாகமோ காகிதத்திலேயே இருந்தது. 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் கருவூலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. கொரியப் போரால் கொழுத்த ரப்பர் விலையும் பிறகு சரிந்தது. செலவை ஏற்க வேண்டியவை சிங்கப்பூர், கூட்டரசு என்று இரண்டு அரசுகள். இரண்டு அடுப்பில் ஒரு பானையை வைத்தால் எப்போது கொதிப்பது? திட்டம் கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் 1959-இல் இரு பிரிவுகளாகி, ஒன்று கோலாலம்பூருக்குப் போனது. 1962-இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. இடையிலிருந்த ஜொகூருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கல்லுக்கு மக்கள், சம்பளத்துக்கு அரசு

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரி எப்படி வந்தது? 1904-இல் தான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் ஆளுநரிடம் விண்ணப்பம் போனது. "71,000 டாலர் திரட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம்" என்பதுபோல் பதில் வந்தது. அவர்கள் 87,077 டாலர் திரட்டிக் காட்டினார்கள். 1905-இல் பள்ளி திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு மக்கள் பணம், நடத்துவதற்கு அரசாங்கப் பணம். இந்த ஒப்பந்தத்தை மறந்துவிடாதீர்கள். நம் வட்டாரத்தின் உயர்கல்வி வரலாறே இதில்தான் அடங்கியிருக்கிறது.

தமிழர்களாகிய நாமும் அதே வழியில் நடந்தவர்கள்தாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அதுபற்றி ஆராய வரவழைக்கப்பட்டவர் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி. அவர் அறிக்கை சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கொடுத்தது. இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்களாயிற்றே! தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி சும்மா இருக்கவில்லை. திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூருக்கு வந்த அந்த மனிதர், "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டக் கிளம்பினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. சிங்கப்பூர்க் கப்பல்துறைத் தொழிலாளியும் கொடுத்தார், மலாயாத் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியும் கொடுத்தார். 1956-இல் துறை தொடங்கியது, தமிழ் அதில் உரிய இடத்தைப் பெற்றது. அந்த நிதி தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது.

கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும்? பல்கலைக்கழக வாசலை அவர்கள் மிதித்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு வெள்ளிகள் புத்தகம் வாங்கின. விரிவுரையாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது அரசாங்க மானியம். 1961-இல் தனிநாயகம் அடிகள் வந்து துறைக்குத் தலைமை ஏற்றதும், 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அந்த நாற்காலி நிலையாக இருந்ததால்தான். நாற்காலி ஆடினால் அடிகளாரே ஆனாலும் உட்கார முடியுமா?

ஸ்கூடாய்க்கு வந்த கல்வி

ஜொகூரின் முறை மெதுவாகத்தான் வந்தது. 1904-இல் கோலாலம்பூரில் ஒரு சிறு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கியது, 1946-இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. யூ.டி.எம். என்று நாம் அழைப்பது இதைத்தான். 1980-களில் அதன் முதன்மை வளாகம் ஸ்கூடாய்க்கு வந்தது. கார்-சாண்டர்ஸ் சொல்லி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து! பிறகு 1993-இல் பத்து பகாட் வட்டாரத்தில் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கியது, 2007-இல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமானது.

குளுவாங், கூலாய், சிகாமட் தோட்டப்புறங்களிலிருந்து பொறியியல் படிக்க வந்த நம் பிள்ளைகளுக்கு இவை என்ன செய்தன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தனியார் கல்லூரியில் பல்லாயிரக்கணக்கில் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு திறந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் செலவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்று வந்ததால்தான் அந்தக் கதவு மலிவாகத் திறந்தது.

இனி வெட்டுக்கு வருவோம். 1998-இல் யூ.டி.எம். உள்ளிட்ட ஐந்து பல்கலைக்கழகங்கள் நிறுவனமயமாக்கப்பட்டன. "கொஞ்சம் சொந்தக் காலில் நில்லுங்கள்" என்ற அறிவுரை அப்போதே தொடங்கிவிட்டது. 2014-இன் நடுப்பகுதியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. எண்ணெய் வருமானத்தை நம்பிய அரசாங்கம் எங்கே கை வைக்கும்? 2016 வரவு செலவுத் திட்டத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீடு மட்டும் 27 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2017-க்கு வந்தபோது 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் மொத்த ஒதுக்கீடு 757 கோடி வெள்ளியிலிருந்து 612 கோடி வெள்ளியாகக் குறைந்தது. 19 விழுக்காட்டுக்கு மேல்! ஐந்து ரொட்டியில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, "அதே வயிற்றை நிரப்பு" என்பது போன்றது இது.

பல்கலைக்கழகம் மூடப்பட்டதா? இல்லை. ஒப்பந்த அடிப்படையில் இருந்த மூத்த பேராசிரியர் பலரின் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே கிடக்கும். ஆய்விதழ்ச் சந்தா நிறுத்தப்படும். வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில்தான் மூவார் அருகே பாகோவில் உயர்கல்வி மையம் எழும்பியது. தனியார் கட்டிக்கொடுக்க, அரசாங்கம் பல்லாண்டுகள் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு. யூ.டி.எம்., துன் உசேன் ஓன் ஆகிய இரண்டும் அங்கே கிளை வைத்துள்ளன. கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், விரிவுரையாளர் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாதல்லவா!

பிற நாடுகள் என்ன சொல்கின்றன?

1981-இல் பிரிட்டனில் தாட்சர் அரசு மானியத்தைக் குறைத்தபோது, சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு விழுந்த அடி ஏறத்தாழ 44 விழுக்காடு. அது தொழிற்சாலைகளோடு கைகோத்துப் பிழைத்துக்கொண்டது. கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரியோ 1980-களின் பிற்பாதியில் திவாலாகும் நிலைக்கு வந்து, 1988-இல் பக்கத்துக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது. அமெரிக்காவின் அலாஸ்காவில் 2019-இல் ஆளுநர் ஒரே கையெழுத்தில் மாநிலப் பல்கலைக்கழக நிதியில் ஏறத்தாழ 41 விழுக்காட்டை, அதாவது 13 கோடி டாலரை, வெட்டினார். நிர்வாகம் நிதி நெருக்கடி நிலையை அறிவித்தது. எதிர்ப்பு வலுத்தபின், மூன்று ஆண்டுகளில் 7 கோடி டாலர் என்று வெட்டு குறைக்கப்பட்டது. மக்கள் கேட்டதால் குறைந்தது என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

நம் உறவுகள் வாழும் தமிழ்நாட்டுக் கதை இன்னும் சுவையானது, கசப்பானதும்கூட. 1929-இல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகம், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு சம்பளம் கொடுக்க முடியாமல் 2012-இல் தள்ளாடியது. ஊழியர் போராட்டத்துக்குப்பின் 2013-இல் அரசாங்கமே அதை ஏற்று, மிகுதியானவர்களை வேறு துறைகளுக்கு மாற்றியது. இங்கே குற்றம் மானிய வெட்டின்மீது மட்டுமல்ல, நிர்வாகத்தின்மீதும்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

1857-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததோ விந்தையிலும் விந்தை. 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஏறத்தாழ 424 கோடி ரூபாய் வரி பாக்கியாம். ஏன்? மாநில அரசின் மானியம் மொத்த வருமானத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டதால், அது அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற வரிவிலக்குக்குத் தகுதியில்லை என்றார்கள். அதாவது, அரசு கொடுப்பதைக் குறைத்தது. குறைத்ததாலேயே இன்னோர் அரசுத்துறை வந்து கேட்டது. சொந்தக் காலில் நில் என்பார்கள், நின்றால் காலுக்கு வரி கேட்பார்கள்!

சத்தமில்லாமல் மூடுவது

ஜொகூர்த் தமிழர்களுக்கு மூடுவிழா என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். ஒரே நாளில் யாராவது ஆணை போட்டு மூடினார்களா? இல்லை. பகுதி உதவி பெறும் பள்ளி என்று கூரைக்கு ஒழுங்காகப் பணம் வரவில்லை. தோட்டம் கைமாறியது. குடும்பங்கள் பட்டணம் போயின. மாணவர் குறைந்தனர். கடைசியில், "பிள்ளைகளே இல்லையே, பள்ளி எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி போலவே இருந்தது.

பல்கலைக்கழகத் துறைகளும் அப்படித்தான் மறையும். மானியம் குறையும்போது நிர்வாகம் எந்தத் துறையை முதலில் பார்க்கும்? காப்புரிமையும் தொழிற்சாலை ஒப்பந்தமும் கொண்டுவரும் துறையையா, மாணவர் குறைந்த மொழித்துறையையா? ஸ்கூடாயில் பொறியியலுக்கு நிறுவனப் பணம் வரலாம். சங்க இலக்கியத்துக்கு எந்த நிறுவனம் பணம் கொடுக்கும்? ஒரு விரிவுரையாளர் ஓய்வு பெறுவார், இடம் நிரப்பப்படாது. இரண்டு பாடங்கள் நிறுத்தப்படும். பாடம் குறைந்ததால் மாணவர் குறைவர். ஐந்தாண்டு கழித்து, "மாணவர் இல்லையே" என்பார்கள். சாரங்கபாணி ஒவ்வொரு வெள்ளியாகச் சேர்த்து வாங்கிய நூல்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கும். படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

"சமுதாயமே நடத்தக்கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்கூடாயிலேயே அதற்கு ஒரு சான்று நிற்கிறது. 1990-இல் ஜொகூர்ச் சீனச் சமூகம் தன் பணத்தில் சதர்ன் கல்லூரியைத் தொடங்கியது. 2012-இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியானது. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அதன் பின்னால் பல தலைமுறைச் சங்கங்களும், வணிகச் செல்வமும் உள்ளன. சிங்கப்பூரில் 1950-களில் ரிக்‌ஷாக்காரர் வரை பணம் கொடுத்து எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகமே 1980-இல் இணைப்பு என்ற பெயரில் மறைந்தது. தினக்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு இப்போதுதான் ஏறி வந்திருக்கும் நம் சமுதாயத்திடம், "நீயே பல்கலைக்கழகம் நடத்து" என்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. வரி கட்டுகிறோம், அதில் நமக்கும் பங்குண்டு.

2025-க்கு உயர்கல்வி அமைச்சின் ஒதுக்கீடு 1,800 கோடி வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. பெரிய தொகைதான். ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கல் செய்யப்படுகிறது. அதோடு வரும் மதிப்பீட்டு நூலில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு என்று தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். யூ.டி.எம்., துன் உசேன் ஓன், மலாயாப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று வரிகளையும் முந்தைய ஆண்டு வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை படிக்கும் துறையில் நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர், ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் எடுத்தார்களா என்று பிள்ளையையே கேளுங்கள். பிறகு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினால்கூட மொழிபெயர்த்துப் படிக்க அவர் அலுவலகத்தில் ஆள் இருப்பார், அந்த வேலைக்கு இன்னும் மானியம் குறையவில்லை!