பம்பாய்க் கணினிகளும் வரிசையாக்கப் பிழைகளும்

ஒரு கணினியில் இயங்கும் நிரல், தொலைவிலுள்ள மற்றொரு கணினியின் செயல்முறையைத் தன்னுடையதைப் போலவே அழைத்துப் பயன்கொள்வதைத் தொலைச் செயல்முறை அழைப்பு என்பர். அப்போது, நினைவகத்தில் ஒன்றையொன்று சுட்டியபடி பரந்து கிடக்கும் தரவுப் பொருள்களைக் கம்பிவழியே செல்லத்தக்க ஒரே பைட் தொடராக அடுக்குவது வரிசையாக்கம் என்றும், மறுமுனையில் அத்தொடரிலிருந்து பொருள்களை மீண்டும் உருவாக்குவது மீட்டாக்கம் என்றும் வழங்கப்படும். இவ்விரு படிகளில் நேரும் பிழைகளுக்குக் கம்பியின் குறையைவிட, தரவின் வடிவத்தை இருமுனையும் வெவ்வேறாகக் கருதியதே பெரும்பாலும் காரணமாகிறது. இந்தச் சிக்கலுக்கான சூழல், இணையம் வருவதற்கு வெகு முன்பே பம்பாயில் அமைந்திருந்தது.

சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் கொலாபாவின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினி, ஓர் எண்ணை 40 பிட்டுகளில் வைத்தது. 1964இல் அங்கு வந்த சிடிசி 3600 கணினிக்கு அந்த அளவு 48 ஆகவும், பவாய் ஐ.ஐ.டி.யின் சோவியத் மின்ஸ்க்-2 கணினிக்கு 37 ஆகவும் இருந்தது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் பயன்படுத்திய பெஸ்ம்-6 கணினியும் 48 பிட் கொண்டதே எனினும், எண்ணின் அடுக்குக்குறிக்கு அது 7 பிட்டுகளை ஒதுக்க, சிடிசி 3600 அதற்கே 11 பிட்டுகளை ஒதுக்கியது. ஆகவே ஒன்றின் நினைவகப் படியை அப்படியே மற்றதில் ஏற்றினால், நீளம் சரியாகப் பொருந்தியும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். நீளம் ஒத்திருப்பதால் எச்சரிக்கை ஏதும் எழாமற்போகும் இவ்வகைப் பிழையே எல்லாவற்றிலும் கொடியது.

தொலைச் செயல்முறை அழைப்புக்கு முழுமையான செயல்வடிவம் தந்து, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பிரெலும் நெல்சனும் 1984இல் கட்டுரை வெளியிட்டனர்; 1987இல் சன் நிறுவனம், கணினி எதுவாயினும் கம்பியில் செல்லும் வடிவம் ஒன்றே என்ற எக்ஸ்டிஆர் முறையைப் பொதுவில் வைத்தது. 1 என்னும் எண்ணை 00 00 00 01 என நான்கு பைட்டுகளாக ஒரு கணினி அனுப்ப, பைட்டுகளைத் தலைகீழ் வரிசையில் கொள்ளும் இன்டெல் கணினி அதனை மாற்றாமல் படித்தால் கிடைப்பது 16777216 ஆகும்.

எஸ். ரமணி தலைமையில் ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், 1986இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாகும். அக்கால மின்னஞ்சல், 7 பிட் எழுத்துகளை மட்டுமே உறுதியாகச் சுமந்ததால், நிரல் கோப்புகளை அனுப்புவோர் மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்கும் யூயூஎன்கோட் முறையை நாடவேண்டியிருந்தது. அம்முறையில் வெற்றிடமும் ஓர் எழுத்தாக இருந்தமையால், வரியிறுதி வெற்றிடங்களை இடைப்பட்ட கணினி ஒன்று வெட்டிவிட்டாலே கோப்பு சிதைந்தது. பின்னர் வெற்றிடத்திற்குப் பதிலாக வேறு குறியை இட்டு இக்குறை நீக்கப்பட்டது.

1997இல் ஜாவா மொழி தன் பொருள்களைத் தானே வரிசையாக்கும் வசதியைப் பெற்றபோது, ஒவ்வொரு வகுப்புக்கும் 64 பிட் பதிப்பெண் ஒன்றையும் உடன் அனுப்பியது. சேவையகத்தில் புதிய வகுப்பும் பயனர் பக்கத்தில் பழைய வகுப்பும் இருப்பின் பதிப்பெண் பொருந்தாமல் மீட்டாக்கம் நின்றுவிடும். பணியாளர்க்கு இது எரிச்சலூட்டினும் தரவைக் காக்கும் நல்ல ஏற்பாடாகும். பிழையைத் தேடுவோர் நிரலைப் புரட்டுவதற்கு முன், கம்பியில் வந்த முதல் சில பைட்டுகளைப் பார்ப்பது பயன்தரும்: அவை AC ED 00 05 எனில் வந்தது ஜாவாத் தொடர், 3C எனத் தொடங்கின் அது கோண அடைப்புக்குறி, ஆதலின் தரவுக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கமோ பிழைப்பக்கமோ வந்துள்ளது என ஐயுறலாம். பின்னர் பரவிய ஜேசான் வடிவம் மனிதரும் படிக்கத்தக்கதாயினும் அமைதியான பிழைக்கு அதிலும் இடமுண்டு. 9007199254740993 என்னும் அடையாள எண்ணை அதில் எண்ணாகவே அனுப்பினால், உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் அதன் கடைசி இலக்கத்தை 2 ஆக்கிவிடும். இத்தகைய எண்களை எழுத்துச் சரமாக அனுப்புவதே தக்க வழி.

தாராவியை அடுத்துள்ள பாந்த்ரா-குர்லா வளாகத்திலிருந்து செயற்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் சேவைகளிலும் இவ்வரலாறு தொடர்கிறது. 2010இல் தொடங்கிய ஐஎம்பிஎஸ் சேவை ஐஎஸ்ஓ 8583 தரத்தைப் பின்பற்றுவதால் 100 ரூபாய் அதில் காசுக்கணக்கில் 000000010000 என 12 இலக்கங்களாகச் செல்ல, 2016இல் அறிமுகமான யுபிஐ செய்தியில் அதே தொகை 100.00 எனச் செல்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வங்கி நிரல், தொகையை மிதவைப் புள்ளி எண்ணாகக் கொண்டு நூறால் பெருக்கினால், 19 ரூபாய் 99 காசு 1998.9999999999998 ஆகி, பின்னம் வெட்டப்பட்டு 1998 காசாகக் குறைந்துவிடும். விடையும் முறையான எண்ணாகவே இருப்பதால் மறுமுனை அதனை மறுக்காது. தொகையை எழுத்துச் சரமாகவே பெற்று, புள்ளிக்கு இருபுறமும் பிரித்து முழு எண்ணாக்கும் நிரலில் அந்தக் காசு குறைவதில்லை.